பாசிக்குடாவில் எடுத்த முருகைத் துண்டு மூன்றே நாளில் ஏன் வெளுத்தது?

ஆரையம்பதிப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டது இது. இரண்டு அடிக் கண்ணாடித் தொட்டியில் கடல்தண்ணீர் நிரப்பி இரண்டு கிழமை ஆகிறதாம். பாசிக்குடாவில் அலை ஒதுக்கிவிட்டிருந்த பழுப்பு நிற முருகை (பவளம்) துண்டு ஒன்றை உயிரோடு வாளியில் எடுத்து வந்து அதில் வைத்திருக்கிறார். மூன்றாம் நாள் அது வெள்ளையாகிவிட்டது, தொட்டியில் நாற்றமும் எடுக்கிறது. "என்ன பிழை விட்டேன்? மட்டக்களப்பில் வீட்டில் முருகை வளர்க்கவே ஏலாதா?"

தம்பி, முதலில் அந்தத் துண்டைத் தொட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். இந்தப் பதிலை முழுதாக வாசித்த பிறகு இல்லை, இப்போதே. அழுகும் முருகை தொட்டி முழுவதையும் கெடுக்கும்.

அடுத்தது சட்டம். யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதால் சொல்கிறேன். இலங்கையில் கல் முருகைகள், அதாவது உள்ளே கல் எலும்புக்கூடு கட்டும் வகைகள், எல்லாம் பாதுகாக்கப்பட்ட உயிர்கள். உடைப்பது மட்டுமல்ல, எடுப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். அலை ஒதுக்கியது, நான் உடைக்கவில்லை என்ற நியாயம் அங்கே செல்லாது. பாசிக்குடாவுக்கு வடக்கே காயங்கேணி 2019இல் கடல்சார் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, அங்கே இன்னும் இறுக்கம். நாடு விட்டு நாடு போவதென்றால் உலகத்தின் கல் முருகைகள் அத்தனைக்கும் அருகிவரும் உயிர்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் உடன்படிக்கையின் அனுமதிப் பத்திரம் தேவை. ஆகவே அந்த எலும்புக்கூட்டைக் கழுவிக் காயவைத்து அலுமாரியில் அழகுக்கு வைக்கும் எண்ணம் இருந்தால் அதையும் விடுங்கள். வனசீவராசிகள் அலுவலகத்தில் விசயத்தைச் சொல்லி ஒப்படைப்பதுதான் ஒழுங்கு.

சரி, உங்கள் கேள்விக்கு வருவோம்.

நான் ஒன்பது வருடம் டோஹாவில் இருந்தேன். வீடுகளிலும் ஹோட்டல்களிலும் இருந்த கடல்மீன் தொட்டிகளைப் பராமரிப்பதுதான் வேலை. வாரத்துக்கு இருபது தொட்டி பார்ப்பேன். பண்ணையில் வளர்த்த முருகைத் துண்டுகளைப் பத்திரத்தோடு வாங்கி ஒட்டி வளர்த்திருக்கிறேன், கொன்றும் இருக்கிறேன். ஊருக்கு வந்து கல்லடியில் ஒரு தொட்டி வைத்த பிறகுதான் ஒரு விசயம் விளங்கியது. வெளியே 45 பாகை எரியும் டோஹாவை விட, கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் மட்டக்களப்பில் முருகை வளர்ப்பது கஷ்டம். அங்கே வீட்டுக்குள் ஏசி இருபத்துநான்கு மணி நேரமும் ஓடும், கரண்ட் போகாது, தொட்டிக்கு ஆடியும் மார்கழியும் ஒன்றுதான். இங்கே சூடு மாறும், காற்றின் ஈரம் மாறும், தண்ணீரின் உப்பு மாறும், கரண்ட் வரும் போகும். முருகை ஓரளவு மோசமான தண்ணீரில்கூடச் சமாளித்துக்கொண்டு கிடக்கும். மாறிக்கொண்டே இருக்கும் தண்ணீர்தான் அதற்கு ஆகாது.

உங்கள் துண்டுக்கு நடந்தது என்ன என்று பார்ப்போம். முருகை வெளுத்துப் போச்சு என்று எல்லோரும் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்கள், ஆனால் வெளுப்பதில் இரண்டு விதம் இருக்கிறது. முருகையின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி உயிர்கள் குடியிருக்கின்றன. ஒளியிலிருந்து சாப்பாடு சமைத்து முருகைக்குக் கொடுப்பவை அவைதான், அந்தப் பழுப்பு நிறமும் அவற்றினுடையதே. சூடு கூடினால் முருகை அவற்றை வெளியே தள்ளிவிடும். அப்போது சதை கண்ணாடி மாதிரி ஆகி உள்ளே இருக்கும் வெள்ளைக் கல் தெரியும். ஆனால் சதை இருக்கும், உயிரும் இருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் சின்னச் சின்னக் கைகள் அசைவது தெரியும். நாற்றம் இராது. சூடு தணிந்தால் சில கிழமைகளில் நிறம் திரும்பவும் கூடும்.

உங்களுடையது அது இல்லை. மூன்றே நாளில், நாற்றத்தோடு வெளுத்தது என்றால் சதையே உரிந்து போய்விட்டது என்று அர்த்தம். அடிப்பக்கத்தில் தொடங்கி, மழையில் நனைந்த சுவரின் சுண்ணாம்பு உரிவது மாதிரி மேலே ஏறியிருக்கும். ஓரத்தில் சளி மாதிரி பழுப்பு நூல்கள் தொங்கியிருக்குமே, அதுதான் சதை. அந்த நிலைக்குப் போனால் பிழைக்க வைக்க வழியில்லை.

காரணம் ஒன்றல்ல. பாசிக்குடாவிலிருந்து ஆரையம்பதிக்கு நாற்பது கிலோமீற்றர் இருக்கும். மூடாத வாளியில், வெயிலில், ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம். வாளித்தண்ணீர் சூடேறியிருக்கும், ஒக்சிஜன் குறைந்திருக்கும். மறுகா, இரண்டே கிழமையான தொட்டி. புதுத் தொட்டியில் அமோனியாவை நைத்திரைற்றாகவும் அதை நைத்திரேற்றாகவும் மாற்றும் பக்ரீரியாக்கள் கல்லிலும் மணலிலும் குடியேறவே நான்கு முதல் ஆறு கிழமை எடுக்கும். அதற்கு முன் உள்ளே வைக்கும் எந்த உயிரும் தன் கழிவில் தானே கிடக்கும். மீன் கொஞ்சம் தாங்கும், முருகை தாங்காது. மான்கொம்பு மாதிரிக் கிளைவிடும் அக்ரோபோரா வகையை ஆறு மாதம், ஒரு வருடம் ஓடிப் பழகிய தொட்டியில்தான் வைக்க வேண்டும் என்று அனுபவக்காரர்கள் சொல்வது இதனால்தான்.

இனி சூடு. எங்கள் பக்கத்தில் மற்ற எல்லாவற்றுக்கும் தலை இதுதான்.

தொட்டி முருகைக்குச் சுகமான சூடு 24 முதல் 27 பாகை. "பாசிக்குடாக் கடலே 29, 30 இருக்குமே, அதில் வளர்கிறதே" என்று கேட்பீர்கள். மெய்தான். ஆனால் கடலில் வாழும் முருகை தன் எல்லைக்கு மிகக் கிட்டத்தான் வாழ்கிறது. வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒரே ஒரு பாகை கூடி அது சில கிழமைகள் நீடித்தால் போதும், வெளுக்கத் தொடங்கிவிடும். 1998இலும் 2016இலும் இலங்கைக் கடலில் நடந்தது அதுதான். கடலில் அந்த ஒரு பாகை ஏற நாட்கள் எடுக்கும். உங்கள் தொட்டியில் ஒரு மத்தியானம் போதும்.

கணக்கைப் பாருங்கள். 24 அங்குல நீளம், 12 அகலம், 15 உயரம் என்றால் தொட்டியில் சுமார் 70 லீற்றர். பம்பும் விளக்கும் சேர்ந்து 40 வாட் சூட்டைத் தண்ணீருக்குள் விடுவதாக வையுங்கள். அந்தச் சூடு வெளியே போக வழியில்லை என்றால் எட்டு மணி நேரத்தில் தண்ணீர் கிட்டத்தட்ட 4 பாகை ஏறும். நடைமுறையில் பாதி வெளியே போய்விடும் என்றே வைத்தாலும், ஏற்கனவே 30 பாகை இருக்கும் அறையில் மிச்சப் பாதி போதும் கொல்ல. சூடு கூடக் கூடத் தண்ணீரில் கரையும் ஒக்சிஜனும் குறையும். 25 பாகையில் இருந்து 31க்குப் போனால் பத்தில் ஒரு பங்கு போய்விடும்.

மலிவான வழி, தண்ணீரின் மேல் சின்ன விசிறி பூட்டுவது. தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டு போகும், இரண்டு மூன்று பாகை இறங்கும். ஆனால் இது வேலை செய்வது காற்றைப் பொறுத்தது. கச்சான் வீசும் மாதங்களில் விசிறி அருமையாகக் குளிராக்கும். (மாமாங்கத் திருவிழாவில் வாங்கிக் கொறிக்கும் கச்சான் இல்லை, மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு எங்கள் பக்கம் வறண்டு இறங்கும் தென்மேல் காற்று.) மாரியில் காற்று ஈரம், விசிறிக்கு வேலை குறைவு, ஆனால் அப்போது சூடும் குறைவு. மோசமானது இரண்டுக்கும் நடுவில், சித்திரையும் வைகாசியும். காற்றே இல்லாமல் புழுங்கும் அந்த நாட்களில் விசிறி சுற்றும், வெப்பமானி 30இலேயே நிற்கும். என் கணிப்பில் சித்திரையைச் சில்லர் (தண்ணீரைக் குளிராக்கும் இயந்திரம்) இல்லாமல் தாண்டிய கல் முருகைத் தொட்டி இந்தக் கரையில் இருக்காது.

சில்லர் வாங்குகிறவர்களுக்கும் ஒரு சொல். அது தண்ணீரிலிருந்து எடுக்கும் சூட்டைப் பின்பக்கத்தால் அறைக்குள் ஊதும். சின்ன அறையை மூடி அதற்குள் வைத்தால் அறை சூடேறும், அது திரும்பத் தொட்டியைச் சூடாக்கும், சில்லர் நிற்காமல் ஓடும், பில் வரும்போது வீட்டில் சண்டை வரும். சூட்டுக்காற்று யன்னலுக்கு வெளியே போகிற மாதிரி வையுங்கள்.

விசிறியோடு ஒட்டி வருகிற தொல்லை உப்பு. ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே நிற்கும். கச்சான் காலத்தில் விசிறியும் ஓடினால் உங்கள் 70 லீற்றரில் ஒரு நாளைக்கு 3 லீற்றர் போவது ஆச்சரியமில்லை. ஆயிரத்துக்கு 35 ஆக இருந்த உப்பு, ஒரே நாளில் 36 அரை தாண்டும். கல்யாண வீட்டுக்கென்று இரண்டு நாள் கல்முனைக்குப் போய் வந்தால் 38. இதைச் சரிபண்ணுகிறேன் என்று ஒரே மூச்சில் ஆறு லீற்றர் நல்ல தண்ணீரை ஊற்றுவது அதைவிட மோசம். குறைந்ததைத் தினமும், முடிந்தால் காலை மாலை இருவேளை, உப்பில்லாத தண்ணீரால் நிரப்ப வேண்டும். கடல்தண்ணீரால் நிரப்பக் கூடாது. இதில் பிழைவிடாத புது ஆளை நான் இன்னும் காணவில்லை.

அந்த உப்பில்லாத தண்ணீர் எங்கே எடுப்பது? கிணற்றுத் தண்ணீர் சரிவராது. கரையோர மணல் நிலத்தில் தோட்டத்துப் பசளையும் மலக்குழியும் எங்கே போய்ச் சேரும் என்று யோசித்துப் பாருங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின். மழைத்தண்ணீர் நல்லதுதான், ஆனால் கூரையில் பட்டு வருவது வேண்டாம். தண்ணீர்க் கடைகளில் விற்கும் ஆர்.ஓ. தண்ணீரைப் பாவிக்கலாம், ஆனால் கரைந்திருக்கும் உப்புக்களைக் காட்டும் டிடிஎஸ் மீற்றர் ஒன்று வாங்கி அளந்து பாருங்கள். குடிக்கிற தண்ணீர் என்பதால் சுவைக்காகக் கொஞ்சம் உப்புக்களை மிஞ்சவிடுவார்கள். குடிக்க 40 நல்லது, முருகைக்கு 5க்குக் கீழே வேண்டும்.

கடல்தண்ணீரில் மட்டும் எங்களுக்கு அதிர்ஷ்டம். டோஹாவில் பக்கெற் பக்கெற்றாக உப்பு வாங்கிக் கரைத்தோம், இங்கே வாசலில் கடல். ஆனால் எங்கே, எப்போது என்பது முக்கியம். முகத்துவாரத்துக்குக் கிட்ட எடுக்காதீர்கள், மாரியில் வாவி வெட்டி ஓடும்போது மைல் கணக்கில் கடல் கலங்கியிருக்கும், உப்பும் இறங்கியிருக்கும். மீன்பிடித் துறைமுகப் பக்கம் டீசல் மினுங்கும் தண்ணீரையும் எடுக்க வேண்டாம். கடல் அடங்கிக் கிடக்கும் மாதங்களில், தொடர்ந்து சில நாள் மழையில்லாத காலத்தில், தோணிக்காரர் யாரையாவது பிடித்துக் கரையை விட்டுத் தள்ளி எடுப்பிக்கலாம். மூடிய பரலில் இருட்டில் சில நாள் வைத்து, அடி மண்டியை விட்டு மேல்தண்ணீரை வடித்து, உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீற்றரில் 1.025 காட்டுகிறதா என்று பார்த்துத்தான் பாவிக்க வேண்டும்.

கல் முருகைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அது வளர்வதென்றால் தண்ணீரில் இருக்கும் கல்சியத்தையும் காபனேற்றையும் எடுத்துக் கல்லாகக் கட்டுகிறது. கடலில் அது குறையாது, 70 லீற்றரில் குறையும். கல்சியம் லீற்றருக்கு 420 மில்லிகிராம் அளவில், மக்னீசியம் 1300 அளவில், காரத்தன்மை, அதன் அலகான டி.கே.எச்.இல், 7 முதல் 9. இந்த அளவுகளை அறிவதற்கு டெஸ்ட் கிட் வேண்டும், கண்ணால் சொல்ல முடியாது. குறைவதை நிரப்பக் கல்சியம் குளோரைட்டும் சோடியம் பைகாபனேற்றும், அதாவது வீட்டு அப்பச்சோடாவும், தனித்தனியாகக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார்கள். இரண்டையும் ஒன்றாக ஊற்றினால் பால் மாதிரி வெளுத்துச் சுண்ணாம்பாகப் படிந்துவிடும். காரத்தன்மையை ஒரு நாளில் 1 டி.கே.எச்.க்கு மேல் அசைக்காதீர்கள். நேற்று 7, இன்று 9 என்று கொண்டுபோனால் கிளைகளின் நுனி எரிந்து போகும்.

வெற்றிலைச் சுண்ணாம்பு போடலாமா என்று இங்கே ஒருவர் என்னிடம் கேட்டார். சுத்தமான கல்சியம் ஐதரொக்சைட்டைச் சொட்டுச் சொட்டாக விடும் முறை இருக்கிறது, அது மெய். ஆனால் அது 12க்கு மேல் பி.எச். உள்ள காரம், கை தவறினால் எல்லாம் முடிந்தது. கடைச் சுண்ணாம்பில் வேறு என்ன கலந்திருக்கிறது என்றும் தெரியாது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்தக் கரையில் ஒரு காலம் சூளைகளில் சுண்ணாம்பு சுட்டதே முருகைக்கல்லை உடைத்துத்தான். முருகையைச் சுட்டு எடுத்ததை முருகைக்கே ஊட்டக் கேட்கிறார் மனுசன்.

ஒளி, நீரோட்டம் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டு எல்.ஈ.டி. பல்ப் போதாது, நீலம் கூடிய கடல்தொட்டி விளக்கு வேண்டும். யன்னல் வெயிலை நம்பினால் பாசியும் சூடும்தான் மிஞ்சும். கிளை முருகைக்கு மணிக்குத் தொட்டியின் அளவைப் போல் இருபது, நாற்பது மடங்கு தண்ணீர் சுழல வேண்டும், அதுவும் ஒரே பக்கத்திலிருந்து அடிக்காமல் மாறி மாறி.

கரண்ட் விசயத்தில் என் கதையைச் சொல்கிறேன். கல்லடித் தொட்டியில் நான் வைத்திருந்தது கல் முருகை இல்லை. பண்ணையில் வளர்த்து, பத்திரத்தோடு இறக்குமதியாகி வந்த, கல் எலும்புக்கூடு கட்டாத மென்முருகை, காளான் மாதிரி விரியும் ஒன்றும் தோல் மாதிரித் தடித்த ஒன்றும். நான்கு வருடம் நன்றாக இருந்தன. 2022இல் மின்வெட்டு ஒரு மணி, மூன்று மணி, ஐந்து மணி என்று கூடி, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை போனது நினைவிருக்கும். பற்றரியில் ஓடும் ஏர் பம்ப் என்னிடம் இருந்தது. பற்றரி வாங்கி வைக்கவில்லை, கடைகளில் தேடியபோது கிடைக்கவில்லை. அது முழுக்க என் பிழை. இரவு ரோர்ச் அடித்துப் பார்த்தேன். பகலில் விரித்த கை மாதிரி நிற்கும் தோல் முருகை சுருங்கிச் சாய்ந்து, மேலெல்லாம் கஞ்சி வடிந்த மாதிரி சளி தொங்கியது. கோப்பையால் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தேன், ஒக்சிஜன் ஏறட்டும் என்று. விடியப்புறம் கண்ணயர்ந்துவிட்டேன். காலையில் வீட்டுக்குள் அழுகிய நண்டு நாற்றம். மனிசி ஒன்றும் சொல்லவில்லை, யன்னலை மட்டும் திறந்துவிட்டாள்.

2025 பெப்ரவரியில் பாணந்துறையில் ஒரு குரங்கு உபமின்நிலையத்தில் பாய்ந்து நாடு முழுக்க இருண்டதே, அன்று என் தொட்டியில் உயிர் குறைவு, பற்றரி நிறைய. காற்றடிக்கும் பம்புக்கும் தண்ணீரைச் சுழற்றும் வேவ்மேக்கர் ஒன்றுக்கும் சின்ன இன்வேர்ட்டர் போதும். சில்லரை அது தாங்காது, பரவாயில்லை. ஒக்சிஜன் இல்லாமல் முதலில் மீன் போகும், அது அழுகி மற்றதைக் கொண்டுபோகும். சூடு அதற்குப் பிறகுதான்.

வெளியில் எழுதப்படும் குறிப்புகளில் அகப்படாத, எங்கள் ஊருக்கே உரிய ஆபத்து ஒன்று: நுளம்பு மருந்து. டெங்குக் காலத்தில் ஒழுங்கைக்குள் புகை அடித்துக்கொண்டு வருவார்கள். வீட்டில் நுளம்புச் சுருள் கொளுத்துவோம், ஸ்பிரே அடிப்போம். பூச்சியைக் கொல்லும் அந்த மருந்து இறால், நண்டு, முருகை எல்லாவற்றுக்கும் நஞ்சு, ஏர் பம்ப் அறைக் காற்றை உறிஞ்சி நேராகத் தண்ணீருக்குள் விடும். புகைச் சத்தம் கேட்டால் முதல் வேலை யன்னலைச் சாத்துவது, ஏர் பம்பை நிறுத்தித் தொட்டியை ஈரத் துணியால் மூடுவது, புகை அடங்கியதும் திரும்பப் போடுவது. மீன் நோய்க்கென்று கடையில் தரும் செப்பு மருந்தும் அப்படித்தான், முருகை இருக்கும் தொட்டிக்குள் ஒரு சொட்டும் கூடாது.

மனிதருக்கான ஆபத்தும் ஒன்று உண்டு. பொத்தான் பொத்தானாக, நிறம் நிறமாக விரியும் சோவாந்திட் என்ற வகை வளர்க்கச் சுலபம் என்று சொல்வார்கள். அவற்றில் சிலவற்றில் பாலித்தொக்சின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. அது ஒட்டியிருக்கும் கல்லைச் சுத்தமாக்குகிறேன் என்று வெந்நீர் ஊற்றுவதோ அவிப்பதோ கூடவே கூடாது, ஆவியை மூச்சில் எடுத்துக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் உண்டு. கையுறை இல்லாமல் தொடவும் வேண்டாம்.

ஏலாதா என்றால், ஏலும். பண்ணையில் வளர்ந்த மென்முருகையாக, பத்திரம் காட்டக்கூடிய இடத்தில் வாங்கினால் நல்ல ஒழுங்குள்ள ஒருவரால் ஏலும். கல் முருகையை விட்டுவிடுங்கள், சட்டம் ஒரு பக்கம், சித்திரைச் சூடு மறுபக்கம். அதைப் பார்க்க ஆசையாக இருந்தால் பாசிக்குடாவில் கடல் அடங்கிய காலையில் முகக்கண்ணாடி போட்டுக் குப்புற மிதந்து பாருங்கள், கால் ஊன்றாமல்.

தொட்டியை உடைத்துப் போட வேண்டாம். தண்ணீரில் பாதியை மாற்றி, பம்பை ஓடவிட்டு, உள்ளே ஒன்றும் போடாமல் விடுங்கள். ஒரு கொப்பி எடுங்கள். காலை ஆறு மணிக்கும் பின்னேரம் மூன்று மணிக்கும் சூடு, உப்பு, எவ்வளவு தண்ணீர் ஊற்றினீர்கள், கரண்ட் எத்தனை மணி நேரம் போனது, இந்த நான்கும் போதும். ஒரு பக்கத்துக்கு ஒரு கிழமை. கச்சான் முடிந்து காற்றுத் திரும்பும்போது அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புங்கள், என்ன வாங்கலாம் என்று அப்போது கதைப்போம்.